லீவர் துப்பாக்கியும் முக்கால் ஏக்கர் கடலையும்

2024 ஆடிப் பட்டத்தில் முக்கால் ஏக்கருக்கு நாட்டுக் கடலை போட்டிருந்தேன். ஜீவாமிர்தம் மூன்று தடவை, மீன் அமிலம் இரண்டு தடவை, களை எடுப்பு, மண் அணைப்பு எல்லாம் முடிந்து காய் திரண்டு நின்றது. இன்னும் 12 நாளில் பிடுங்கலாம் என்று ஆளுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன். புரட்டாசியில் ஒரு ராத்திரி மழை தூறிக்கொண்டே இருந்தது. காவலுக்குப் போகாமல் சாளையிலேயே படுத்துவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் காட்டை யாரோ உழுது போட்ட மாதிரி கிடக்கிறது. தின்றது கால்வாசி இருக்கும். மிச்சமெல்லாம் நெம்பிப் போட்டதும் மிதித்துப் போட்டதும்தான். கடைசியில் தேறியது ஒன்றரை மூட்டை.

காட்டுப்பன்றியிடம் பயிரைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் காலை நேரம் எப்படியிருக்கும் என்று தெரியும். கோபம் பன்றி மேல் வராது. தூங்கின தன் மேல்தான் வரும். பக்கத்துக் காட்டுத் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேனேஜரண்ணா, இப்படியே பார்த்துட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் மிஞ்சாது. ராத்திரிக்கு ஒரு கம்பி இழுத்து கரண்ட் குடுத்துட்டா சோலி முடிஞ்சுது." அவன் சோளக்காட்டில் அப்படித்தான் செய்கிறான். முந்தின வருஷம் அந்தக் கம்பியில் அவன் நாயே செத்துப்போனது. "நாய் செத்த இடத்துல நாளைக்கு ஆள் சாகும் தம்பி" என்று சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. இன்னொருத்தர் வந்து அவுட்டுக்காய் வைக்கலாம் என்றார். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் கிடந்து சாகிறதை மலையோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த நினைப்பு வேறு. எங்கப்பாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கெட்டித்துச் சுடுகிற வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே அப்படி ஒரு வகை இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். நான் வங்கி வேலையில் ஊர் ஊராகப் போய்விட்டேன். அவர் காலத்துக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்க ஆளில்லை. துப்பாக்கி இருந்திருந்தால் கடலை மிஞ்சியிருக்குமே என்று அன்று முழுக்க மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இந்த நினைப்போடுதான் ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனோம்.

ஆஸ்டின் நகரில் சனிக்கிழமை தோறும் உழவர் சந்தை கூடுகிறது. நமக்கு வேறு என்ன பொழுதுபோக்கு! அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்ற ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். வயது 72. ஊருக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்தில் 40 ஏக்கர். பீக்கன் மரங்கள், சோளம், கிழங்கு என்று வைத்திருக்கிறார். ரசாயனம் விட்டு 20 வருஷத்துக்கு மேல், இயற்கைச் சான்றும் உண்டு. நான் பஞ்சகவ்யா பற்றிச் சொன்னதைக் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் தோட்டத்துக்கு வரச்சொன்னார். போய் இறங்கினதும் அவர் காட்டிய முதல் இடம் கிழங்குக் காடு. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதே மூக்கு, அதே உழவு.

உருவத்திலும் குணத்திலும் நம்முடைய பன்றிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் ஒரே இனம். ஆனால் அங்கே அது வந்தேறி. 1500களில் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள் தப்பிக் காட்டில் பெருகின. 1930களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றியைக் கொண்டுவந்து விட, இரண்டும் கலந்தன. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 26 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது அங்கே சொல்லப்படும் மதிப்பீடு. அதனால் சட்டமும் அதற்கேற்ற மாதிரிதான். பன்றிக்குப் பருவம் கிடையாது, எண்ணிக்கைக் கணக்கு கிடையாது, ராத்திரியும் சுடலாம். 2011ல் ஹெலிகாப்டரில் இருந்து சுடவும் அனுமதித்தார்கள். 2019 முதல் நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு லைசென்ஸே வேண்டாம். மான் அப்படியில்லை. வெள்ளைவால் மான் அந்த மண்ணுக்கே உரியது. அதற்கு லைசென்ஸ், பருவம், ஆளுக்கு இத்தனை என்று சீட்டு எல்லாம் உண்டு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம்.

பெரியவருக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு துப்பாக்கி. பழையதைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். டிராக்டரில் கூடவே கொண்டுபோகிற மாதிரி சின்னதாக, லேசாக லீவர் துப்பாக்கி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். 34 வருஷம் டிராக்டருக்கும் மோட்டாருக்கும் கடன் கொடுத்தவன் நான். ஒரு மனுஷன் தனக்கு வேண்டிய கருவியை எப்படித் தேர்வு செய்கிறான் என்று பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு ஆசை உண்டு.

கடை நம்மூர் ஹார்டுவேர் கடை மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் முள்வேலிக் கம்பி, மாட்டுத் தீவனம், மறுபக்கம் சுவர் நெடுகத் துப்பாக்கி. உள்ளே போகும் முன்பே பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டார்: சுற்றுலா விசாவில் வந்தவர் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பது அவர்கள் நாட்டுச் சட்டம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு தவிர. ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தேன். ஒரு விதத்தில் அது நல்லதாகப் போனது. கையில் எடுத்திருந்தால் அழகில் மயங்கியிருப்பேன்.

ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களைப் பார்த்த என் வயசுக்காரர்களுக்கு லீவர் துப்பாக்கியின் உருவம் மனசில் இருக்கும். விசைக்குக் கீழே விரல் நுழைகிற வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழாய்க்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 இந்த வகையில் பேர்போனது. அதற்காக 1895ல் வந்த 'தர்ட்டி தர்ட்டி' என்ற தோட்டாதான் அமெரிக்காவில் புகையில்லாத மருந்துக்கென்றே அமைத்த முதல் வேட்டைத் தோட்டா. 130 வருஷம் ஆகியும் பெட்டிக் கடை வரைக்கும் கிடைக்கிறது.

பெரியவர் ஏன் இந்த வகையைத் தேடினார் என்பதற்கு முதல் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவர் இடதுகைக்காரர். இப்போது அதிகம் விற்கிற போல்ட் வகையில் கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. இடதுகைக்காரர் ஒவ்வொரு முறையும் கையைத் தாண்டிப் போட வேண்டும். இடதுகைக்கென்று செய்வதும் உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. லீவர் நடுவில் கீழே இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். கருக்கரிவாளில் இடதுகை அரிவாள் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இது புரியும்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பெரிய ரகம். 'நாற்பத்தைந்து எழுபது' என்ற தோட்டா. 1873ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. குண்டு மட்டுமே 20 கிராம் அளவுக்கு வரும், சிலது 26 கிராம். பன்றி எங்கே பட்டாலும் விழும் என்கிற மாதிரி பேசினார். பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது கரடிக்கு ஆனது, தன் தோளுக்கு ஆகாது என்றார். எனக்கு உடனே என் பழைய கிளை ஞாபகம் வந்தது. இரண்டரை ஏக்கர்க்காரர் 50 குதிரைத்திறன் டிராக்டர் கொட்டேஷனோடு வந்து உட்காருவார். டீலர் சொல்லி அனுப்பியிருப்பார். தோள் வலிக்கு பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் எவ்வளவு பெரிய குண்டு போட்டு என்ன? குறி தப்பும். தப்பினால் பன்றி காயத்தோடு ஓடும். அதுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

அடுத்து தூரக் கணக்கு. முந்தின நாள் அவர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் அடி வைத்து அளந்திருந்தோம். பீக்கன் மரத்துக்கும் ஓடைக்கரைக்கும் நடுவே, நேராகக் கண்ணுக்குத் தெரிகிற அதிகபட்ச தூரம் 110 அடியெடுப்பு, அதாவது 100 மீட்டருக்குள். முப்பது-முப்பதுக்கு 150 மீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேலும் போகும், ஆனால் குண்டு வேகமாகத் தாழும். காரணம் அதன் மூக்கு தட்டை. ஏன் தட்டை? குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தில், மருந்தைப் பற்றவைக்கிற மூடியின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். கூர் மூக்காக இருந்தால், சுடும்போது வருகிற உதைப்பில் அது ஆணி மாதிரி அடித்துக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். இப்போது ரப்பர் மாதிரி மெத்தென்ற முனை வைத்த கூர் தோட்டாவும் இந்த வகைக்கென்றே செய்கிறார்கள். பழைய சாவேஜ் 99, பிரவுனிங் பி.எல்.ஆர். போன்றவற்றில் குழாய்க்குப் பதில் வேறு விதமாகத் தோட்டாவை அடுக்குவதால் கூர்முனை போடலாம். கண்ணுக்கெட்டாத சமவெளியில் மான் சுடுகிறவருக்கு அவை சரி. மரத்தோப்புக்காரருக்கு அது வீண் செலவு.

கைத்துப்பாக்கித் தோட்டா போடுகிற லீவரும் இருக்கிறது, பாயிண்ட் 44 மேக்னம் மாதிரி. உதைப்பு குறைவு, 75 மீட்டருக்குள் பன்றிக்குப் போதும். பெரியவர் சற்று நேரம் அதிலேயே நின்றார். மானுக்குக் கொஞ்சம் எட்டிச் சுட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற ஒரே யோசனையில் விட்டார். பாயிண்ட் 35 ரெமிங்டன் என்று ஒன்று மலிவாகக் கிடந்தது. நல்ல தோட்டாதானாம், ஆனால் இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நாம் வாங்குவோமா?

பிறகு கண். பெரியவருக்கு ஒரு கண்ணில் கண்புரை எடுத்திருக்கிறது. துப்பாக்கியின் மேல் உள்ள குறிமுள்ளை மட்டும் வைத்து அந்தி நேரத்தில் அவரால் சுட முடியாது, டெலஸ்கோப் வேண்டும். பழைய வின்செஸ்டரில் சுட்ட கூடு நேர் மேலே எகிறும். அதனால் டெலஸ்கோப்பை நடுவில் மாட்ட முடியாது. 1980களில்தான் அது சாய்வாக வெளியேறுகிற மாதிரி மாற்றினார்கள். 1948ல் வந்த மார்லின் 336ல் மேல்பக்கம் மூடிய இரும்பு, கூடு பக்கவாட்டில் போகும். டெலஸ்கோப் சாதாரணமாக உட்காரும். அங்கேயே முக்கால்வாசி முடிவாகிவிட்டது. ஒரு சின்னச் சிக்கல்: டெலஸ்கோப் மாட்டினால் பின்னால் இருக்கிற சுத்தியைக் கட்டைவிரல் எட்டாது. அதற்கு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற சிறு முளை விற்கிறார்கள், அதைத் திருகிக்கொள்ள வேண்டும். இடதுகைக்காரர் மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

புதிது ஆயிரம் டாலருக்கு மேல். மார்லினை 2020ல் ரூகர் கம்பெனி வாங்கி, 2023 முதல் 336ஐத் திரும்பச் செய்கிறது. பெரியவர் பழையதுதான் எடுத்தார். அவர் பழையதைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. லீவரைத் திறந்துவைத்து, உள்ளே வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து வெளிச்சம் காட்டி, வாய்ப்பக்கத்தில் இருந்து குழாயைப் பார்த்தார். வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு தின்ற குழி இருக்கிறதா என்று. குழாயின் வாய் விளிம்பில் விரல் வைத்துத் தடவினார். அங்கே ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் குண்டு விலகிப் போகுமாம். லீவரை மூடி ஆட்டிப் பார்த்தார். திருகாணித் தலைகளைப் பார்த்தார். தலை சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகச் சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தினார். அந்தப் பாதி நிலையில் அது அசையாமல் நிற்க வேண்டும். பழைய மாடல்களில் அதுதான் பாதுகாப்பு. முழுசாக இழுத்த சுத்தியைச் சுடாமல் இறக்குவதற்குக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே விசையை அழுத்த வேண்டும். குளிரில் மரத்துப்போன விரல் வழுக்கினால் வெடித்துவிடும். தோட்டாவை இறக்கவும் லீவரை ஒவ்வொன்றாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும், எண்ணிக் கணக்கு வைக்கவேண்டும். இந்த இரண்டும் லீவர் வகையின் நிஜமான குறைகள் என்று அவரே சொன்னார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார். விலைக்கும் தூரத்துக்கும் பார்த்தால் போல்ட் வகைதான் லாபம். பன்றியை மட்டும் கூட்டமாகச் சுட வேண்டும் என்றால் தானாக ஏறுகிற வகையும், வெப்பத்தைக் காட்டுகிற ராத்திரிக் கண்ணாடியும்தான் இப்போது எல்லோரும் வைத்திருப்பது. லீவர் என்பது பகலில் நடந்துபோகிற ஆளுக்கு, கிட்டத்தில் சுடுகிறவனுக்கு. படிவம் எழுதி, போலீஸ் பதிவுகளில் பெயர் இல்லை என்று கணினியில் பார்த்து, அரை மணியில் கையில் கொடுத்துவிட்டார்கள். நம்மூரில் நகைக்கடன் வாங்குவதற்கு இதைவிட நேரமாகும்.

நம் வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தோட்டாவைப் பற்றி. சாதாரணக் குண்டின் உள்ளே இருப்பது ஈயம். உடலில் பட்டதும் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கறிக்குள் பரவும். காயத்தில் இருந்து ஒரு சாண் தள்ளிக்கூட இருக்கும். 2008ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியில் ஈயம் இருப்பது தெரிந்து, உணவு வங்கிகளில் இருந்ததை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். குடலைக் காட்டில் போட்டுவிட்டு வந்தால் அதைத் தின்கிற கழுகும் சாகும். கலிபோர்னியாவில் காண்டர் என்ற பெருங்கழுகு அழியும் நிலைக்குப் போனதில் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாட்டைத் தின்று நம் பிணந்தின்னிக் கழுகுகள் போன கதைதான் இதுவும். பெரியவர் முழுச் செம்பில் செய்த குண்டு வாங்கினார். பெட்டி விலை கூடத்தான். 20 வருஷமாக மண்ணில் ஒரு சொட்டு விஷம் விடாதவர் கறியில் ஈயத்தை விடுவாரா? கடையில் இருந்து நேராகப் பலகைக் குறிக்குப் போய், அதே செம்புத் தோட்டாவால் 15 முறை சுட்டு டெலஸ்கோப்பைச் சரிசெய்தார். ஈயத்துக்கு வைத்த குறி செம்புக்குப் பொருந்தாதாம்.

நவம்பரில் மான் பருவம் தொடங்கியது. மரத்தில் கட்டிய பரணில் அவர் இருந்தார். நான் 200 மீட்டர் பின்னால், வண்டிக்குள். ஒரே சத்தம். 60 மீட்டரில் ஒரு பெண் மான், நான்கு தாவல் தாவி விழுந்திருந்தது. எனக்கு அதைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசையில்லை, ஆனால் போனேன். கண் திறந்தே இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு பேனாக்கத்தியை எடுத்தார். மகள் வீட்டுக்கு ஒரு தொடை கொடுத்தனுப்பினார். பிள்ளை பெற்ற வீடு என்று தெரிந்து, செம்புக் குண்டுதான், பயமில்லாமல் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார். மகள் தயங்கினாள். மாப்பிள்ளை சமைத்துவிட்டார். நானும் சாப்பிட்டேன்.

பன்றி விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பன்றிக்கு இருதயம் மானைவிடத் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேராக இருக்கிறது. மானுக்கு வைக்கிற இடத்தில் வைத்தால் குடலில் படும். வயசான ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி கெட்டித் தோல். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தார், ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாயும் குட்டிகளும் வந்தன, மேட்டின் மேல் வரிசையாக நின்றன. அவர் சுடவில்லை. ஏன் என்று கேட்டேன். மேட்டுக்கு அப்பால் அரை மைலில் ஒரு வீடு. குண்டுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும், வானம் இருக்கக்கூடாது என்றார். நான்காவது தடவை ஐந்து வந்தன, ஒன்று விழுந்தது. கையுறை போட்டுத்தான் தொட்டார். புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் அதன் ரத்தத்தில் இருந்து வருமாம். மிச்சம் நான்கும் அன்று ராத்திரியே சோளத்தின் மறுபக்கம் வந்து உழுதுவிட்டுப் போயின. அதற்குப் பிறகு பகலில் தலையே காட்டவில்லை.

எனக்குள் இருந்த 'ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்' என்ற நினைப்பு அந்த வாரம்தான் ஆட்டம் கண்டது. வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்தால்தான் பன்றியின் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று அங்கே வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஒற்றைத் துப்பாக்கி அந்தக் கணக்கில் வராது. மிசௌரி மாநிலத்தில் 2016ல் வனப்பாதுகாப்புத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்துவிட்டது. சுடச்சுட மந்தை சிதறி வேறு பக்கம் போகிறது, பட்டிக்குள் சிக்குவதில்லை என்பது காரணம். பெரியவரும் கடைசியில் அதற்குத்தான் வந்தார். பக்கத்துப் பண்ணையில் இருந்து வட்டமான கம்பிப் பட்டி ஒன்றை இரவல் வாங்கினார். பத்து நாள் கதவைத் திறந்தே வைத்துச் சோளம் போட்டுப் பழக்கினார். மந்தை முழுசும் உள்ளே வருகிற வரை கதவை இறக்கவில்லை. ஒரே ராத்திரியில் 11. அங்கே விடியற்காலையில் அந்த லீவர் துப்பாக்கி உதவியது, வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்கு. அதை நான் பார்க்கப் போகவில்லை.

நஞ்சு வைக்கலாமே என்றும் சிலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எலி மருந்தான வார்ஃபரின் கலந்த பன்றித் தீனிக்கு 2017ல் அந்நாட்டில் அனுமதி கொடுத்தார்கள், பெரிய எதிர்ப்பும் வந்தது. அவர் அதை நினைத்துப் பார்க்கவே தயாராக இல்லை. ஆனால் பன்றியைச் சும்மா விடவும் அவரால் முடியாது. 2006ல் கலிபோர்னியாவில் கீரை மூலம் ஈ கோலை நோய் பரவி ஆட்கள் இறந்தபோது, அந்தக் கிருமி பக்கத்தில் திரிந்த காட்டுப்பன்றிகளிலும் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பன்றி புகுந்த பாத்தியில் இருந்து எதையும் அவர் சந்தைக்கு எடுப்பதில்லை.

ஜனவரியில், நான் அங்கே இருக்கும்போதே, நம் சட்டமன்றத்தில் வனத்துறை அமைச்சர் சொன்ன செய்தி செல்போனில் வந்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டர் தாண்டினால் வனத்துறையே சுடும். என் காடு காப்புக்காட்டில் இருந்து ஒன்றே முக்கால். ஆக எனக்குக் கூண்டு. கேரளத்தில் 2022ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுடுகிறார்கள். நம் பக்கம் விவசாயி கையில் துப்பாக்கி இல்லை. மான் பக்கம் பேச்சே கிடையாது. 1972ஆம் வருஷச் சட்டப்படி தொட்டால் சிறை. நம் பன்றி வந்தேறி அல்ல, புலிக்கும் செந்நாய்க்கும் தீனி. டெக்சாஸ் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனாலும் காட்டுக்குள் கொண்டுபோய் விட்ட பன்றி ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்து திரும்பி வராது என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்? வனத்துறையில் மனு கொடுத்திருக்கிறேன். ரசீது இருக்கிறது, கூண்டு இன்னும் வரவில்லை.

மாசியில் ஊர் திரும்பினதும் பக்கத்துக் காட்டுத் தம்பி முதலில் கேட்டது: "அண்ணா, அங்க துப்பாக்கி என்ன வெலை?" சொன்னேன். பட்டியையும் 11 பன்றியையும் சொன்னேன். மேட்டின் மேல் நின்ற பன்றியைச் சுடாமல் விட்டதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் கம்பிக்கு மறுபக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறுக்கே போகிற தடம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்து, சோலார் வேலிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டான். விட்டுவிட்டு அடிக்கிற மின்சாரம், ஆளைக் கொல்லாது. வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. 2023ல் வந்த விதிப்படி வனத்துறையில் பதிவும் செய்ய வேண்டும். இரண்டு காட்டுக்கும் சேர்த்துச் சுற்றளவு 640 மீட்டர். பன்றிக்கு அடிக்கம்பி தரையில் இருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது, புல் ஏறாமல் வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். செதுக்குவது யார் என்பதில்தான் இப்போது எங்களுக்குள் பேச்சு நடக்கிறது. வேலியோரம் நாலு வரிசை ஆமணக்கும் எள்ளும் போட்டு, கடலையை நடுவில் தள்ளியிருக்கிறேன்.

பெரியவர் போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார். பஞ்சகவ்யா தெளித்த கிழங்கு. துப்பாக்கி டிராக்டரில் சாத்தி வைத்திருக்கிறது, அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருக்கிறது.